ஆயில் லீக், கூடவே டிக் டிக் சத்தம்: எஞ்சினைப் பிரிக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

தக்கலை150
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 150 சிசி, ஏர் கூல்டு, கார்புரேட்டர் மாடல். தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருவது இதில்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை பக்கம் போவேன், அங்கே மாமனார் வீடு.

ஜூன் மழை தொடங்கும் முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் விட்டேன். ஆயில் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், செயின் டைட் வைத்தார்கள், சைலன்சரைக் கழற்றித் துரு எடுத்து மாட்டினார்கள். அதற்குப் பிறகு இரண்டு பிரச்சினை.

ஒன்று, இடது பக்கம் முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) கவருக்குக் கீழே ஆயில் சொட்டுகிறது. காலையில் பார்த்தால் வீட்டு முன் டைல்ஸில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம். எஞ்சின் அடியும் ஈரம், பின் டயரின் ரிம்மிலும் தெறித்திருக்கிறது.

இரண்டு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடவே வேகமாகிறது. சூடான பிறகு பாதி அடங்குகிறது. ஏற்றத்தில் இழுக்கும்போது மறுபடி கேட்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கையை வைத்துக்கூடப் பார்க்கவில்லை, "போர் போயிடுச்சு (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் தேய்ந்துவிட்டதாம்), எஞ்சின் இறக்கணும்" என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்கள். புகை இல்லை, மைலேஜும் குறையவில்லை. இறக்கித்தான் ஆகணுமா?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
தம்பி, இறக்காதீங்க. குறைந்தபட்சம் இன்னும் கொஞ்ச நாளைக்கு இறக்காதீங்க. போர் போன வண்டி புகை விடும், ஆயில் குடிக்கும், இழுவை குறையும். இந்த மூன்றில் ஒன்றுகூட நீங்க சொல்லவில்லை. முதலில் இதுக்குப் பதில் சொல்லுங்க:

ஆயில் அளவு எவ்வளவு இருக்கு? சென்டர் ஸ்டாண்டில், சமதளத்தில் வைத்துப் பார்த்தீங்களா? ஒழுகும் ஆயில் கறுப்பா, பழுப்பா, தொட்டால் ஒட்டுதா? நின்ற இடத்தில் சொட்டுவதா, ஓடிவிட்டு வந்த பிறகு மட்டும் சொட்டுவதா?

ஒட்டுதா என்று ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் கடைக்கு ஸ்ப்ராக்கெட் கவர் லீக் என்று வரும் வண்டிகளில் நிறைய, லீக்கே இல்லாத வண்டிகள். செயினுக்கு அடித்த ஆயிலும் கிரீஸும் சுழற்சியில் தெறித்துக் கவருக்குள் சேரும். மழை மண்ணும் கலந்து கறுப்புக் கூழாகி ஒருநாள் சொட்டும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தால் அது செயின் ஆயில். எஞ்சின் ஆயில் அப்படி இழுக்காது, வழுக்கும்.

தக்கலை150
அண்ணே, இப்போதான் பார்த்தேன். நூல் மாதிரி இழுக்கவில்லை, வழுக்குகிறது. நிறம் லேசான பழுப்பு, புது ஆயில் மாதிரியே. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஓடிவிட்டு வந்த பிறகுதான் அதிகமாகச் சொட்டுகிறது.

இரணியல் ரைடர்
எதுக்கு இவ்வளவு யோசனை? கவரைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஆயில் வருகிற இடத்தில் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பிவிட்டால் நின்றுவிடும். என் வண்டி இரண்டு மழைக்காலம் அப்படியே ஓடுது.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
மேல் கோட்டைத் தாண்டி நிற்பது முக்கியமான விஷயம், அதுக்கு வருகிறேன். முதலில் பேஸ்ட் விஷயம்.

பேஸ்ட்டை வெளியிலிருந்து அப்பினால் ஆயில் ஈரத்தில் அது பிடிக்கவே பிடிக்காது. கவரைக் கழற்றி உள்ளே அப்பினால் இன்னும் மோசம். கவரைத் திரும்ப வைத்து இறுக்கும்போது மிச்சப் பேஸ்ட் உள்பக்கமும் பிதுங்கும். அந்தத் துணுக்கு பிய்ந்து ஆயிலோடு போய் ஸ்ட்ரெய்னர் வலையில் உட்காரும். எஞ்சின் அடியில் ஆயில் உறிஞ்சும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும், அதில் சிவப்புப் பேஸ்ட் புழு மாதிரி சுருண்டு கிடப்பதை நான் எடுத்துக் காட்டியிருக்கிறேன். வலை அடைத்தால் ஹெட்டில் வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கு ஆயில் போகாது. 50 ரூபாய் பேக்கிங்கை (இரண்டு பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டையே மாற்ற வேண்டி வரும்.

பேக்கிங் வைக்கிற இடத்தில் பேக்கிங்தான். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஸ்க்ரூடிரைவரால் கீறாமல் சுரண்டணும். அந்தக் கீறல் வழியாகவே அடுத்த லீக் வரும். கவர் போல்ட் பெரும்பாலும் 6 எம்எம்தான், அதுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கணும். ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் கவர் வளைந்து எதிர்ப்பக்கம் திறக்கும்.

இப்போ லீக்கைக் கண்டுபிடிக்கும் வழி. ஆயில் சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறு. ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ, அங்கிருந்துதான் தேடலை ஆரம்பிக்கணும். ஹெட் கவர் பேக்கிங் கசிந்தாலே பிளாக் ஃபின் வழியாக வழிந்து எஞ்சின் அடியில் சொட்டும். அதைப் பார்த்து டிரெயின் நட்டை முறுக்கி, அலுமினிய மரை பிய்ந்து வந்த வண்டிகள் எங்களிடம் இருக்கு.

எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெய் அல்லது டீசலைப் பிரஷ்ஷில் தொட்டுக் கழுவுங்க. பெட்ரோல் வேண்டாம், தீ ஆபத்து. சோப்புத் தண்ணீரால் ஒருமுறை, அப்புறம் நன்றாகக் காயட்டும். காய்ந்த எஞ்சின் மேல் முகத்துக்குப் போடுகிற சாதாரணப் பவுடரைத் தூவுங்க. ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி உள்ளேயும் தூவிட்டு கவரைத் திரும்ப மாட்டுங்க, கவர் இல்லாமல் ஓட்டவே கூடாது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்க. வெள்ளைப் பவுடரில் ஆயில் ஓடிய கோடு தெரியும். கோட்டின் மேல் முனையைப் படம் எடுத்துப் போடுங்க.

தூறல் விழும் நாளில் செய்ய வேண்டாம். பவுடர் எல்லாம் கரைந்துவிடும்.

குளச்சல் கடலோரம்
கடற்கரை ஆட்களுக்கு ஒன்று. எங்கள் பக்கம், தேங்காய்ப்பட்டணம் முதல் மணக்குடி வரை, வண்டி நிற்கிற இடமே உப்புக்காற்று. முன் ஃபோர்க் கம்பியில் குரோம் மேல் புள்ளி புள்ளியாகத் துரு விழும். ஃபோர்க் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அந்தப் புள்ளி ஆயில் சீலின் (கம்பியைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) உதட்டைக் கிழிக்கும். கம்பியில் ஆயில் வளையம் தெரிந்தால் ஃபோர்க் சீல் போயிற்று. எஞ்சின் லீக் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. அந்த ஆயில் வழிந்து டிஸ்க் பேடில் இறங்கினால் பிரேக் பிடிக்காது.

சீல் மட்டும் மாற்றினால் சீக்கிரமே மறுபடி கிழியும். கம்பியில் துருப்புள்ளியை நகத்தால் தடவினால் தட்டுப்படுதா பாருங்க. தட்டுப்பட்டால் கம்பியையும் பார்க்கணும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, கம்பியை ஈரத்துணியால் துடைத்தாலே நிறைய நாள் தாங்கும்.

தக்கலை150
பவுடர் வேலை செய்தது அண்ணே. ஹெட், பிளாக், மேக்னட் கவர் எல்லாம் வெள்ளையாகவே இருக்கு. ஸ்ப்ராக்கெட் கவருக்குள் மட்டும் ஈரம். ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் ஷாஃப்டைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு.

இன்னொன்றும் பார்த்தேன். எஞ்சினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் ரப்பர் டியூப் ஒன்று, பெட்டிக்குப் பின்னால் மடங்கி நசுங்கிக் கிடந்தது.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
அதுதான் தம்பி! அதற்குப் பேர் பிரீதர் டியூப். பாதிக் கதை அங்கேதான் இருக்கு.

பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் கிரேங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) அறைக்குள் காற்று அழுந்தும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயுவும் எப்போதும் கீழே வரும், புது வண்டியிலும் வரும். அது வெளியேறத்தான் பிரீதர். அதை நெரித்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் இளகியிருக்கிறதோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். உங்களுக்கு ஓடின பிறகு அதிகமாகச் சொட்டியதும் இதனால்தான்.

இரண்டாவது, ஆயில் அதிகம். கூடுதலாக ஊற்றினால் வண்டிக்கு நல்லது என்று நினைத்து டப்பாவில் மிச்சம் வைக்காமல் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. நிறைய 100, 125 சிசி வண்டிகளுக்கு ஆயில் மாற்றும்போது 1 லிட்டருக்கும் குறைவாகத்தான் வேண்டும். அளவு ஏறினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் உராய்வைத் தாங்காது. சீலுக்கும் அழுத்தம் கூடும்.

டியூபை மடிப்பு இல்லாமல் சரியாக மாட்டுங்க. உள்ளே அடைப்பு இருக்கா என்று ஊதிப் பாருங்க. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் வரும் வரை ஆயிலை இறக்குங்க. டிரெயின் நட்டைக் கழற்றினால் அடி வாஷரை மாற்றியே தீரணும், அது நசுங்கி அடைக்கிற வாஷர். அப்புறம் ஒரு வாரம் ஓட்டிட்டுச் சொல்லுங்க. சீலை அப்போது பார்ப்போம்.

திங்கள்சந்தை டீச்சர்
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் ஸ்கூட்டரில் பின் சக்கரத்து உள்பக்கம், பிரேக் டிரம் கிட்ட ஆயில் ஈரம். டிப்ஸ்டிக்கில் எஞ்சின் ஆயில் சரியாக இருக்கு. எங்கிருந்து வருகிறது?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
டீச்சர், ஸ்கூட்டரில் ஆயில் இரண்டு. எஞ்சின் ஆயில் தனி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் பெட்டிக்கு ஆயில் தனி. அது 100 மில்லிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும், டிப்ஸ்டிக்கில் தெரியாது. நீங்க சொல்வது பின் ஆக்சில் சீல். அந்த ஆயில் பிரேக் ஷூவில் ஊறினால் மழையில் பிரேக் வழுக்கும். உடனே காட்டுங்க. சீலோடு ஷூவையும் பார்க்கச் சொல்லுங்க, ஆயில் குடித்த ஷூவைத் துடைத்து மாட்டுவது வேண்டாம்.

கோட்டாறு பெரியவர்
லீக் பாதி முடிந்தது, சத்தத்தைப் பேசுவோம். நான் பழைய இரும்பு பிளாக் வண்டிகளிலேயே தொழில் படித்தவன், இப்போது கடை இல்லை. சத்தத்தை வைத்து வியாதி சொல்வது கஷ்டமில்லை, வரிசையாகக் கேட்கணும், அவ்வளவுதான்.

முதல் கேள்வி: சத்தம் எஞ்சினோடு போகுதா, சக்கரத்தோடு போகுதா? ஆள் இல்லாத ரோட்டில் போகும்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விடுங்க. எஞ்சின் வேகம் இறங்கும், வண்டி உருளும். சத்தமும் கூடவே இறங்கினால் எஞ்சின். வண்டி வேகத்துக்கே தொடர்ந்தால் செயின், சக்கர பேரிங், பிரேக் இதில் ஒன்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இந்தச் சோதனை செய்யாதீங்க, காற்றாலைக் காற்றில் ஒன்றும் கேட்காது. காம்பவுண்டு சுவரை ஒட்டிப் போனால் சத்தம் திரும்பி வந்து தெளிவாகக் கேட்கும்.

இரண்டாவது: வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்துக் கிளட்சைப் பிடித்து விட்டுப் பாருங்க. பிடிக்கும்போது சத்தம் மாறினால் கிளட்ச் பக்கம் அல்லது கியர் ஷாஃப்ட் பேரிங் பக்கம் போங்க, ஹெட்டைத் தொடாதீங்க.

மூன்றாவது: தாளம். கேம் ஷாஃப்ட் கிரேங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதனால் டேப்பட் (வால்வை அழுத்தும் பாகம்) சத்தம் கிரேங்க் சுற்றைவிட நிதானமாக, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுக்கு விழும். கன்ராட் (பிஸ்டனைக் கிரேங்கோடு இணைக்கும் தண்டு) சத்தம் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் விழும். ஐட்லிங்கில் கண்ணை மூடிக் கேட்டால் பழகின காதுக்குப் பிடிபடும். டைமிங் செயின் இரண்டும் இல்லை. அது கரகரவென்று உரசும், முக்கியமாக ஆக்சிலேட்டரை விடும் நேரத்தில். டென்ஷனரைப் பார்த்தால் சரியாகும்.

டேப்பட்டை எஞ்சின் நன்றாக ஆறின பிறகே பார்க்கணும். பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து உங்கள் வண்டி மேனுவலில் சொன்ன அளவு. இன்லெட்டைவிட எக்ஸாஸ்டுக்குப் பெரும்பாலும் இடைவெளி கூடுதலாக இருக்கும். சத்தம் வருதே என்று காதுக்கு இனிமையாகும் வரை இறுக்கித் தருகிறார்கள், அது தப்பு. இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுசா மூடாது, சூட்டை சீட்டுக்குக் கடத்த முடியாமல் எக்ஸாஸ்ட் வால்வு எரியும். லேசாகத் தட்டுகிற டேப்பட் வண்டியைக் கெடுக்காது.

பிஸ்டன் ஆடினால் காலையில் அதிகம் தட்டும், சூடானதும் அடங்கும். கன்ராட் பேரிங் போனால் ஆழத்திலிருந்து டொக் டொக் என்று வரும், சுமை ஏற ஏற கூடும். மேல் கியரிலேயே ஏற்றத்தில் முக்கி ஏறும்போது மணியைச் சுரண்டுவது மாதிரி ஒரு சத்தம் வரும், அது பாகம் கெட்டதால் இல்லை, நாக்கிங், அதாவது உள்ளே பெட்ரோல் கலவை தாறுமாறாக எரிவது. கியரை இறக்கினால் போய்விடும். பேச்சிப்பாறை ஏற்றத்தில் நிறைய பேர் இதை டேப்பட் என்று நினைக்கிறார்கள்.

நீளமான ஸ்க்ரூடிரைவரை எஞ்சினில் ஒவ்வொரு இடமாக ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின் எலும்பில் வையுங்க. எங்கே சத்தம் கூர்மையோ அங்கே நில்லுங்க. சுற்றும் பாகம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, சட்டைக் கையை மடித்துக் கட்டுங்க.

வடசேரி புல்லட்
ஐயா சொன்ன டேப்பட் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். ராயல் என்ஃபீல்டின் யுசிஇ 350 எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட். கேஜ் வைத்து அட்ஜஸ்ட் செய்கிற வேலையே இல்லை. சில நாள் நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஆயில் ஏறும் வரை தட்டும், அப்புறம் தானாக நிற்கும். அதைக் கேட்டுப் பயந்து எஞ்சினைத் திறக்க வேண்டாம். சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் முதலில் ஆயில் அளவைப் பாருங்க.

கோட்டாறு பெரியவர்
சரியாகச் சொன்னீர்கள்.

தக்கலைத் தம்பிக்கு: நீங்க எழுதியதைத் திரும்பப் படித்தேன். காலையில் அதிகம், சூடானதும் பாதி, ஏற்றத்தில் மறுபடி. இந்த மூன்றும், சர்வீஸில் சைலன்சரைக் கழற்றி மாட்டினார்கள் என்பதும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகம் டேப்பட் மேல் இல்லை. சைலன்சர் ஹெட்டில் சேரும் இடத்தில் வாயு கசிந்தால் அசல் டேப்பட் மாதிரியே டிக் டிக் என்று கேட்கும். இரும்பு சூடாகி விரிந்தால் இடைவெளி கொஞ்சம் அடையும். ஏற்றத்தில் அழுத்தம் கூடுவதால் மறுபடி ஊதும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த இணைப்பில் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா பாருங்க. சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தால் சூடேறும் முன் சில நொடி குமிழ் வரும்.

பேச்சிப்பாறை எஸ்டேட்
ரப்பர் எஸ்டேட் ரோட்டில் ஓட்டுகிறவன் என்ற முறையில்: டொக் டொக் என்று ஆழமான சத்தம் வந்தால் தயவுசெய்து ஓட்டிக்கொண்டே ஒர்க்‌ஷாப் போகாதீங்க. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் குலசேகரம் வரைக்கும்தானே என்று ஓட்டினான். வழியிலேயே கன்ராட் உடைந்து கிரேங்க் கேஸையே ஓட்டை போட்டுவிட்டது. குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் வாடகையோடு முடிந்திருக்கும்.

ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்க. டிரெயின் நட்டில் காந்தம் உள்ள மாடல் என்றால் அதில் மெல்லிய சாம்பல் கூழ் இருப்பது சகஜம், ஊசி மாதிரித் துண்டுகள் இருந்தால் பேரிங். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கு, மழைவெள்ளத்தில் வண்டி இறக்கியவர்கள் கட்டாயம் பாருங்க.

இரணியல் ரைடர்
பேஸ்ட் பற்றிச் சொன்னதைப் படித்தேன். அடுத்த ஆயில் மாற்றத்தில் ஸ்ட்ரெய்னரைத் திறக்கச் சொல்கிறேன். இன்னொரு சந்தேகம்: லீக் குறைய கார் ஆயில், கொஞ்சம் கெட்டியானது ஊற்றலாமா?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
வேண்டாம். பைக்கில் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து இருக்கும், கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (நனைந்த கிளட்சுக்கு ஏற்ற பைக் ஆயில் தரக்குறி) என்று போட்டிருக்கணும். கிரேடு மேனுவலில் சொன்னதேதான். கெட்டி ஆயில் லீக்கை நிறுத்தாது, காலையில் ஹெட்டுக்கு ஏறுவதைத் தாமதமாக்கும்.

தக்கலை150
பெரியவர் சொன்னது அப்படியே! இணைப்பைச் சுற்றி ஹெட்டில் விசிறி மாதிரி கறுப்புக் கரி. இரண்டு நட்டில் ஒன்று கையாலேயே சுற்றியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய ரிங் பேக்கிங்கையே நசுங்கிய நிலையில் திரும்ப வைத்திருக்கிறார்கள். புது ரிங் வாங்கி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். சத்தம் இல்லை. நேற்றுக் குலசேகரம் ஏற்றத்திலும் கேட்கவில்லை.

லீக்கும் நிறையக் குறைந்தது. பிரீதரைச் சரி செய்து, ஆயிலைக் கோட்டுக்குள் இறக்கிய பிறகு டைல்ஸில் வட்டம் இல்லை. ஆனால் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் லேசான ஈரம் இன்னும் இருக்கு. அதை இப்படியே விடலாமா?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
விட வேண்டாம், அவசரமும் இல்லை. அழுத்தத்தில் அந்தச் சீலின் உதடு ஏற்கெனவே திரும்பியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் முன் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றினால் வெளியிலிருந்தே சீலை எடுத்து மாட்டலாம், எஞ்சின் இறக்க வேண்டியதில்லை. சில மாடலில் உள்ளிருந்து மட்டுமே வரும், உங்கள் மாடலுக்கு எப்படி என்று பார்ட்ஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டு ஆரம்பிக்கணும். செயின் கிட் மாற்றும் நேரத்தில் சேர்த்துச் செய்தால் கூலி ஒன்றாகப் போகும். அதுவரை இரண்டு விஷயம்: வாரம் ஒருமுறை ஆயில் அளவு, கிளம்பும் முன் பின் டயரில் ஈரம் இருக்கா என்று ஒரு பார்வை. டயரில் ஆயில் பட்டால் அன்றைக்கே நிறுத்திடுங்க, மழை ரோட்டில் வளைவு எடுக்க முடியாது.

மாற்றும்போது ஷாஃப்டில் பழைய சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கா என்று நகத்தால் தடவிப் பாருங்க. புதுச் சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, கோணல் இல்லாமல் நேராகத் தட்டி இறக்கணும். சீலின் வெளி விட்டத்துக்கு ஏற்ற சாக்கெட் ஒன்றை மேலே வைத்துத் தட்டினால் சமமாக இறங்கும்.

தக்கலை150
செயின் கிட் ஓணத்துக்கு முன்னால் மாற்ற வேண்டி வரும் அண்ணே, அப்போது சீலையும் மாற்றிவிடுகிறேன். பார்ட்ஸ் புத்தகத்தில் பார்த்தேன், என் மாடலுக்கு வெளியிலிருந்தே வரும்.